பாதாளக் கரண்டி போட்டு இழுத்த கிரீன் கார்டு

மிசோரி மாநிலத்தில், கான்சாஸ் சிட்டிக்குப் பக்கத்தில் லீஸ் சம்மிட் என்று ஓர் ஊர். அங்கே பூமிக்கு அடியில், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த குகைக்குள் ஓர் அரசாங்க அலுவலகம் நடக்கிறது. நிஜமாகத்தான்! உள்ளே தங்கமும் இல்லை, ஏவுகணையும் இல்லை. இருப்பதெல்லாம் காகிதக் கோப்புகள். அடுக்கடுக்காக, கோடிக்கணக்கில்! அமெரிக்கக் குடியேற்றத் துறையான யூஎஸ்சிஐஎஸ்ஸின் தேசிய ஆவண மையம் அது. வேற்று நாட்டிலிருந்து வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு என்ற வழக்கம் 1944-இல் தொடங்கியது. அதற்குப் பெயர் ஏ-ஃபைல். கல்யாணப் பத்திரிகை, வரிக் கணக்கு, பாஸ்போர்ட் அளவுப் படத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும் இளவயது முகம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

இந்த ஏ-ஃபைலின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு இன்று ஒரு சுற்று போய்வரலாம், வாருங்கள். சாதாரணச் சுற்று இல்லை. அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ கல்யாணம் செய்தவர் ஒருவர். அவருடைய இரண்டு வருடக் கிரீன் கார்டை நிரந்தரமாக்கக் கேட்ட மனு எங்கேயோ சிக்கிக்கொண்டு அசைய மறுக்கிறது. 'சரி, நீ அங்கேயே இரு' என்று சொல்லிவிட்டு அவர் சிட்டிசன்ஷிப்புக்கே விண்ணப்பம் போட்டுவிடுகிறார்! அப்படிச் செய்யலாமா? செய்யலாம். சட்டப்படியே செய்யலாம். செய்தால் கவுன்ட்டருக்குப் பின்னால் என்னென்ன கூத்து நடக்கிறது என்பதுதான் கதை.

கல்யாணத்துக்கு இரண்டு வருட கியாரன்டி

ஒரு காலத்தில் இதெல்லாம் ரொம்பச் சுலபம். 1855 முதல் 1922 வரை, அமெரிக்கரைக் கல்யாணம் செய்துகொண்ட வெளிநாட்டுப் பெண்ணுக்குத் தாலி... மன்னிக்கவும், மோதிரம் ஏறிய கையோடு குடியுரிமையும் வந்துவிடும். அன்றைய சட்டத்தின் இனத் தடைகளுக்குள் சிக்காதவளாக இருந்தால் போதும். 1922-இல் வந்த கேபிள் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன் பிறகு மனைவியும் தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பெரிய பூட்டு 1986 நவம்பரில் விழுந்தது. ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட திருமண மோசடித் தடுப்புச் சட்டம்! கல்யாண வழி மனுக்களில் நூற்றுக்கு 30 சந்தேகத்துக்குரியவை என்று அப்போதைய குடியேற்றத் துறை நாடாளுமன்றத்தில் சொல்லி வைத்தது. அந்தக் கணக்கு எடுத்த விதமே சரியில்லை என்று பிற்பாடு தெரிந்தது. கணக்கு ஆட்டம் கண்டாலும் சட்டம் ஆடாமல் அப்படியே நின்றுவிட்டது.

சட்டம் சொல்வது இதுதான். கிரீன் கார்டு கிடைக்கும் நாளில் உங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வயது ஆகவில்லையென்றால், கிடைப்பது நிபந்தனைக் கார்டு. ஆயுள் இரண்டே வருடம். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட்டு, 'நாங்கள் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறோம் சாமி' என்று ஐ-751 என்ற மனுவை அனுப்ப வேண்டும். பொய்க் கல்யாணம் என்று நிரூபணமானால் 5 ஆண்டு வரை சிறை, 250,000 டாலர் வரை அபராதம்.

நிச்சயிக்கப்பட்ட கல்யாணம் செய்து அமெரிக்கா போகும் நம் ஊர்ப் பெண்களிலும் பிள்ளைகளிலும் சிலர் இந்தக் கட்டத்துக்குள் வருவார்கள். ஆவணியில் முகூர்த்தம் முடிந்து அடுத்த தையில் மனு போட்டால், எவ்வளவு தாமதமானாலும் சில பேர் இரண்டு வருடத்துக்குள் விசாவோடு விமானம் ஏறிவிடுவார்களே!

வளர்ந்துகொண்டே போகும் கடிதம்

மனு போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிசிட் கடிதம் வரும். சாதாரணத் தாள், கறுப்பு மை. பார்த்தால் கரண்டு பில் மாதிரிகூடத் தோன்றாது. ஆனால் காலாவதியான கார்டுக்கு உயிர் கொடுப்பது அந்தத் தாள்தான். 'இவரது கார்டு இன்னும் இத்தனை மாதம் செல்லும்' என்று அதில் அச்சடித்திருக்கும்.

எவ்வளவு நாளுக்குச் செல்லும்? சிரிக்காமல் கேளுங்கள். முதலில் 12 மாதம் என்று இருந்தது. வேலை தேங்கியதால் 2018-இல் 18 மாதம் ஆக்கினார்கள். 2021-இல் 24 மாதம். 2023 ஜனவரியில் ஒரே தாவு, 48 மாதம்! இரண்டே வருடம் செல்லும் கார்டு, அதை நீட்டிக்க நான்கு வருடம் செல்லும் கடிதம். தன் வரிசை எவ்வளவு நீளம் என்பதை ஓர் அலுவலகம் இதைவிட நேர்மையாகச் சொல்ல முடியாது.

விமான நிலையத்தில் அந்தத் தாளை எடுத்து நீட்டும்போது கவுன்ட்டரில் இருப்பவர் கார்டைப் பார்ப்பார், தேதியைப் பார்ப்பார், தாளைப் பார்ப்பார், மேலதிகாரியைத் தேடுவார். பின்னால் நிற்கும் வரிசை பெருமூச்சு விடும். நிபந்தனைக் கார்டுக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான காட்சி அது.

காலண்டர் செய்யும் குறும்பு

இப்போது கணக்குக்கு வருவோம். சாதாரணமாகக் கிரீன் கார்டு வாங்கி 5 ஆண்டு ஆனால்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அமெரிக்கக் குடிமகனோடு கல்யாணம் செய்து சேர்ந்து வாழ்பவருக்கு 3 ஆண்டு போதும். அந்த மூன்று ஆண்டும் துணைவர் குடிமகனாக இருந்திருக்க வேண்டும், அதில் குறைந்தது 18 மாதம் நீங்கள் அமெரிக்க மண்ணில் கால் பதித்திருக்க வேண்டும். இன்னொரு சலுகையும் உண்டு: என்-400 என்ற விண்ணப்பத்தை 90 நாள் முன்கூட்டியே போடலாம். அதாவது 2 ஆண்டு 9 மாதம் ஆனதுமே!

நிபந்தனைக் கார்டோடு கழித்த காலமும் இந்த மூன்று ஆண்டில் சேரும். சட்டமே அப்படிச் சொல்லிவிட்டது. இங்கேதான் வேடிக்கை ஆரம்பிக்கிறது. ஐ-751 போட்டது 21-ஆவது மாதத்துக்கும் 24-ஆவது மாதத்துக்கும் நடுவில். 33-ஆவது மாதத்தில் என்-400-இன் கதவு திறக்கிறது. நடுவில் மிஞ்சிப்போனால் ஓர் ஆண்டுதான். 48 மாதக் கடிதம் கொடுக்கும் அலுவலகம் அதற்குள் முதல் மனுவை முடித்துவிடுமா என்ன?

ஆக, முதல் மனு தூங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது மனு வாசலில் வந்து நிற்கிறது. கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரல் 1-இல் வந்த பட்டியல்படி ஐ-751-க்கு 750 டாலர். என்-400-ஐத் தாளில் போட்டால் 760, ஆன்லைனில் போட்டால் 710. அரசாங்கமே ஐம்பது டாலர் தள்ளுபடி கொடுக்கும் அபூர்வ இடம்!

இழுத்தது யார்?

சரி, உள்ளே போவோம். அடக்க முடியாத ஆர்வம் எனக்கு இந்த இடத்தில்தான்.

ஐ-751 ஒரு சர்வீஸ் சென்டரில் இருக்கும். அங்கே பொதுமக்கள் நுழைய முடியாது. கவுன்ட்டர் கிடையாது, காத்திருக்கும் நாற்காலி கிடையாது. அதிகாரிகள் தாள்களோடும் திரைகளோடும் மட்டும் பேசும் இடம். ரிசிட் எண்ணின் முதல் மூன்று எழுத்து அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்ஐஎன் என்றால் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரம். டபிள்யூஏசி என்றால் கலிபோர்னியா. இஏசி என்றால் வெர்மான்ட். எஸ்ஆர்சி என்றால் டெக்சாஸ். ஐஓஇ என்று ஆரம்பித்தால் மின்னணு முறைக்குள் வந்துவிட்டது என்று பொருள். பழைய வகை எண்ணில் அடுத்த இரண்டு இலக்கம் நிதியாண்டு. அதுவும் அக்டோபர் 1-இல் பிறக்கும் ஆண்டு! 2023 அக்டோபரில் போட்ட மனு 24 என்று தன் வயதைக் குறைத்துச் சொல்லிக்கொள்ளும்.

என்-400 வேறு வழியில் போகிறது. தேசிய பெனிஃபிட்ஸ் சென்டரில் அதற்கு முதற்கட்டச் சரிபார்ப்பு. விரல் ரேகை எடுக்கப்பட்டு எஃப்பிஐ பார்வைக்குப் போகும். எல்லாம் சரியென்றால் உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஃபீல்ட் ஆபீஸுக்குப் போய், இன்டர்வியூ வரிசையில் நிற்கும். இரண்டு மனு, இரண்டு பாதை. ஆனால் இரண்டுக்கும் ஏ-நம்பர் என்ற ஒரே கோப்பு எண், ஒரே ஏ-ஃபைல்!

இப்போது சட்டம் ஒரு முடிச்சுப் போடுகிறது. நிபந்தனை நீங்காமல் குடியுரிமை தர முடியாது. ராணுவத்தில் பணியாற்றும் சிலருக்கும், அரசுப் பணி போன்ற காரணங்களுக்காக வெளிநாடு போகும் துணையோடு கிளம்பும் சிலருக்கும் தனி வழி உண்டு. மற்றவர்களுக்கெல்லாம் என்-400-க்குச் சரி சொல்லும் முன் ஐ-751-க்கு முடிவு சொல்லியாக வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம், ஆனால் முதல் மனுவைத் தாண்டிக் குதிக்க முடியாது.

முடிச்சு உங்களுக்கு எதிரானது போலத் தெரிகிறதா? தலைகீழாகப் பாருங்கள்! ஃபீல்ட் ஆபீஸ் அதிகாரிக்கு என்-400-ஐ முடிக்க வேண்டிய கடமை இருக்கிறது. அது முடிய வேண்டுமென்றால் எங்கோ தூங்கும் ஐ-751 அவர் மேஜைக்கு வந்தாக வேண்டும். கிணற்றுக்குள் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு இழுக்கிறோமே, அதே வேலையை என்-400 செய்கிறது. 'என் மனு என்ன ஆயிற்று?' என்று நீங்கள் நூறு முறை போன் செய்தாலும் அசையாத கோப்பு, இன்னொரு அலுவலகம் 'அது எனக்கு வேண்டும்' என்றதும் கிளம்புகிறது. அரசாங்கக் கோப்புகளின் இயல்பே இதுதான். வெளியிலிருந்து தள்ளினால் நகராது, உள்ளிருந்து இழுத்தால் நகரும்.

இழுத்ததும் மூன்றில் ஒன்று நடக்கும். சர்வீஸ் சென்டரே விழித்துக்கொண்டு, இன்டர்வியூவுக்கு முன்பே ஐ-751-ஐ முடித்துவிடும். அல்லது கோப்பு ஃபீல்ட் ஆபீஸுக்கு வந்து, ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டுக்கும் பதில் சொல்வீர்கள். விண்ணப்பதாரர்கள் ஓட்டல் மெனு பாஷையில் இதைக் 'காம்போ இன்டர்வியூ' என்கிறார்கள். மூன்றாவது கொஞ்சம் கசப்பு. நீங்கள் வந்துவிடுவீர்கள், கோப்பு வந்திருக்காது.

கதவுக்கு அந்தப் பக்கம்

காம்போ நாளைத்தான் பார்ப்போமே! கூட்டாகப் போட்ட மனு என்பதால் துணைவரையும் அழைத்துப் போவதுதான் புத்திசாலித்தனம், அழைப்புக் கடிதத்தில் அவர் பெயர் இல்லாவிட்டாலும்கூட. பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனால், உட்காரும் முன்பே வலது கையைத் தூக்கச் சொல்வார்கள். உண்மையே சொல்வேன் என்று உறுதிமொழி. அதன் பிறகுதான் நாற்காலி.

முதலில் குடியுரிமைப் பகுதி. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் படிக்க வேண்டும், ஒன்று எழுத வேண்டும். மூன்று வாய்ப்பு உண்டு, ஒன்று சரியானால் போதும். பிறகு குடிமைத் தேர்வு. கொடியில் ஏன் 13 கோடுகள்? பல ஆண்டாக 100 கேள்வி கொண்ட பட்டியலிலிருந்து 10 கேட்டு, 6 சரியென்றால் தேர்ச்சி என்று இருந்தது. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குப் பட்டியல் 128 ஆகிவிட்டது. 20 கேட்பார்கள், 12 சரியாக வேண்டும். அமெரிக்காவிலேயே பிறந்த துணைவர் மனசுக்குள் பதில் சொல்லிப் பார்த்து முழிப்பது தனி நகைச்சுவை!

அடுத்து என்-400-இன் 'எப்போதாவது' கேள்விகள். எப்போதாவது கைதானீர்களா? எப்போதாவது வரி கட்டாமல் இருந்தீர்களா? எப்போதாவது கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தீர்களா? தெருமுனைக்குத் தெருமுனை அரிவாள் சுத்தியல் பறக்கும் ஊரிலிருந்து வந்தவருக்கு இந்தக் கேள்வி சற்றே விநோதம்தான். ஆனால் அங்கே சிரித்துவிடக் கூடாது.

பிறகு கல்யாணப் பகுதி. 1990-இல் பீட்டர் வியர் எடுத்த 'கிரீன் கார்டு' படத்தில் ழெரார் தெபார்தியூவும் ஆண்டி மெக்டவலும் போலித் தம்பதியாக மாட்டிக்கொண்டு விழிப்பார்களே, அந்தப் பயம் எல்லாருக்கும் உண்டு. கணவனையும் மனைவியையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து ஒரே கேள்வியைக் கேட்டு ஒப்பிடும் முறைக்கு 'ஸ்டோக்ஸ் இன்டர்வியூ' என்று பெயர். 1970-களில் நியூயார்க்கில் நடந்த வழக்கிலிருந்து வந்த பெயர் அது. சந்தேகம் வந்தால்தான் அந்த அளவுக்குப் போவார்கள். வழக்கமாக அதிகாரி தேடுவது வேறு.

என்ன தேடுகிறார்? நம் ஆட்கள் இங்கேதான் சறுக்குவார்கள். ஆயிரம் பேர் சாப்பிட்ட மண்டபம், மூன்று தலைமுறைப் பெயர் அச்சடித்த பத்திரிகை, நலங்கு முதல் மறுவீடு வரை ஆல்பம்! அதிகாரி புரட்டிப் பார்த்துப் புன்னகைப்பார். அவருக்கு வேண்டியது முகூர்த்த நாள் இல்லை, அதற்குப் பிறகு வந்த சாதாரணச் செவ்வாய்க்கிழமைகள். சேர்ந்து கட்டிய வரி, இருவர் பெயரிலும் வீட்டு வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கில் மளிகைச் செலவு, காப்பீட்டில் நாமினி, குழந்தை பிறந்திருந்தால் அதன் சான்றிதழ். ஊரையே கூட்டி நடந்த கல்யாணத்தைவிடப் பால் வாங்கிய பில்லுக்கு மதிப்பு அதிகம்!

'இன்றைக்கு முடியாது'

இன்டர்வியூ முடிந்ததும் கையில் என்-652 என்ற தாள் வரும். தேர்வில் தேறினீர்களா, விண்ணப்பத்துக்குப் பரிந்துரை உண்டா என்று அதில் இருக்கும். கோப்பு வராத மூன்றாவது வகைக்காரர்களுக்கு, 'இன்று முடிவெடுக்க இயலவில்லை' என்ற கட்டத்தில் டிக். வெளியே வரும்போது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆனால் அந்த நிமிடத்திலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இன்டர்வியூ நடந்து 120 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால், விண்ணப்பதாரர் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிபதி தானே முடிவு சொல்லலாம், அல்லது 'சீக்கிரம் முடி' என்று அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பலாம்.

கும்மாளத்துக்கு நடுவே கொஞ்சம் நிதானம். பாதாளக் கரண்டி மேலே கொண்டுவருவது வாளியை மட்டுமல்ல, அடியில் கிடப்பதையும்தான். ஐ-751 மறுக்கப்பட்டால் என்-400-உம் மறுக்கப்படும். நாட்டைவிட்டு வெளியேற்றும் விசாரணைவரை போகலாம். உறுதிமொழி ஏற்பதற்கு முன் விவாகரத்து ஆனால் 3 ஆண்டு வழி மூடிவிடும், 5 ஆண்டு வழிதான் மிச்சம். அப்போதும் ஐ-751 செத்துவிடாது. உண்மையான கல்யாணம்தான், முறிந்துவிட்டது என்று காட்டித் தனியாளாக விலக்கு கேட்கலாம். துணைவர் இறந்துவிட்டாலோ கொடுமை செய்தாலோ அதற்கும் விலக்கு உண்டு. ஆறு மாதத்தைத் தாண்டிய ஊர்ப் பயணம், சின்னதானாலும் ஒரு கைது, பிரிந்து வாழ்தல் இப்படி ஏதாவது இருந்தால், விண்ணப்பம் போடுமுன் வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் நல்லது.

கார்டைக் கொடு, காகிதத்தை வாங்கு

இனி கடைசிக் காட்சி, உறுதிமொழி விழா! உள்ளே நுழையுமுன் என்-445 தாளின் பின்பக்கத்தை நிரப்ப வேண்டும். இன்டர்வியூவுக்குப் பிறகு கல்யாணமோ விவாகரத்தோ ஆனதா, வெளிநாடு போனீர்களா, போலீஸிடம் சிக்கினீர்களா? மேடைக்குப் பத்தடி தூரத்தில்கூட ஒரு சோதனை.

அப்புறம்தான் கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுக்கும் சடங்கு. எந்தக் கார்டுக்காக வருடக்கணக்கில் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தீர்களோ, அதைத் திரும்பக் கேட்பார்கள்! சிலருக்கு ஐ-751 கடைசி நேரத்தில் சரியாகி, 10 ஆண்டுக் கார்டு பளபளவென்று தபாலில் வந்திருக்கும். அதன் உறையைக் கிழித்த சூடு ஆறுவதற்குள் மேஜையில் வைத்துவிட்டு வர வேண்டியதுதான்.

உறுதிமொழியில் வெளிநாட்டு இளவரசர்களுக்குக் காட்டும் விசுவாசத்தையெல்லாம் துறக்க வேண்டும். நம்மிடம் துறக்க இளவரசர் யாரும் இல்லை, பரவாயில்லை. பெயரையும் இதே விழாவில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு நீதிமன்றத்தில் நடக்கும் விழாவாக இருக்க வேண்டும். இன்ஷியலோடு வாழ்ந்து, பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு போய், விசாவில் 'எஃப்என்யூ' என்ற முன்பெயர் தெரியாதவர் பட்டம் வாங்கிய தமிழர்களுக்கு இது விடுதலை நாள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. ஆகவே இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ கார்டுக்கு விண்ணப்பிப்பது அடுத்த வேலை.

இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்பீர்கள். 10 ஆண்டுக் கார்டே போதாதா? போதாது! கிரீன் கார்டுக்காரர் தன் பெற்றோருக்குக் கிரீன் கார்டு மனு போட முடியாது. 21 வயதான குடிமகனோ குடிமகளோ போடலாம், வருடாந்தர ஒதுக்கீட்டு வரிசையும் கிடையாது. குடியுரிமைச் சான்றிதழ் வாங்கிய சாயங்காலமே பல வீடுகளில் அம்மா அப்பாவுக்கான ஐ-130 மனு திரையில் திறந்திருக்கும். மாமனார் மாமியாருக்கு மட்டும் மருமகளோ மருமகனோ போட முடியாது, சட்டத்தில் இடமில்லை. அவரவர் பெற்ற பிள்ளைதான் போட வேண்டும். குடும்பத்தில் யாரும் யாரையும் குறை சொல்லிவிடாதபடி அமெரிக்கக் காங்கிரஸே பார்த்துச் செய்த ஏற்பாடு அது!